பூபாலர் காத்த வாசல்

ஏரி நிரம்பிவிட்டால் போதும், தென்கரை நாட்டில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்க மாட்டார்கள். "இந்த வருஷம் வாசலில் நிற்பது யார்?" என்பதுதான் முதல் கேள்வி. வளைகோல் பந்தாட்டத்தில் அந்த நாட்டுக்கு அவ்வளவு பைத்தியம்.

பைத்தியத்துக்குக் காரணமும் இருந்தது. தென்கரைக்கும் வடகரைக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஏரி. வருஷா வருஷம் இரு நாட்டு அணிகளும் மோதும். ஜெயித்த நாட்டுக்கு முதல் தண்ணீர். தோற்ற நாட்டுக்கு மிச்சம். மூன்று வருஷமாகத் தென்கரைக்கு மிச்சம்தான் வந்தது. அதிலும் பாதி சேறு.

தோற்றதற்குக் காரணம் ஆடு மேய்ப்பவனுக்கும் தெரியும். இரண்டு கம்புகளுக்கு நடுவே பந்து நுழையாமல் வாசல் காத்தவர் பூபாலர், ராணி மங்கலதேவியின் தம்பி. சரிகைத் தலைப்பாகையும் முறுக்கிய மீசையுமாக அவர் கோலைப் பிடித்து நிற்கும் அழகே அழகு. பந்துதான் அந்த அழகைப் பார்க்காமல் நேராக உள்ளே போய்விடும்.

அரசவை விதூஷகன் தத்தனுக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும். அவன் நிலம் கடைமடையில் இருந்தது. போன வருஷம் கதிர் பிடிக்கிற நேரத்தில் பயிர் கருகியதைக் கண்ணால் பார்த்தவன். அதனால் பயிற்சி ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் போய்ப் பார்த்தான். கோட்டைக் காவலன் செங்கோடன் வாசலில் நின்றால் ஒரு பந்தும் நுழையவில்லை. ஆனால் செங்கோடனுக்கு வளைந்த கால். கரடுமுரடான பேச்சு. ராஜகுடும்பத்தில் அக்காளும் கிடையாது.

ஆட்டத்துக்கு முன்தினம் சபை கூடியது. மன்னர் மகுடவர்மர் கேட்டார்: "வாசலில் யாரை நிறுத்தலாம்?"

"பூபாலர்தான்!" என்றார் தளபதி. "மூன்று வருஷம் தோற்ற அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது?"

"அவர் மேல் குற்றமே இல்லை, பிரபு," என்றார் ஜோதிடர். "முதல் வருஷம் வெயில் கண்ணில் அடித்தது. மறுவருஷம் மேகம் மறைத்தது. போன வருஷம் வெயிலும் இல்லை, மேகமும் இல்லை. அதற்குச் சனி காரணம்."

"பந்து உள்ளே போனாலும் அவர் நின்ற கம்பீரம் இருக்கிறதே!" என்று உருகினார் ஆஸ்தானப் புலவர்.

தத்தனால் பொறுக்க முடியவில்லை. தொண்டையைச் செருமினான். உடனே திரைக்குப் பின்னால் ராணியின் வளையல்கள் கலகலத்தன. மன்னருக்கு வேர்த்துவிட்டது.

"தத்தா, முடிவை நீயே சொல்," என்றார் அவர். "ஆனால் கவனம். பூபாலனைப் பற்றி ஒரு குறைகூட உன் வாயில் வரக் கூடாது. செங்கோடனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரக் கூடாது. தவறினால் நாளைக்கு நீ இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது!"

குரல் அதட்டியது. கண்கள் மட்டும், 'எப்படியாவது என்னைக் காப்பாற்றேன்' என்று கெஞ்சின.

தத்தன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒரு வார்த்தை பிசகினால் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். வாயை மூடிக்கொண்டாலோ இந்த வருஷமும் பயிர் கருகும். ஒரு முறை கண்ணை மூடித் திறந்தான். எழுந்து நின்றான்.

"மகாராஜா, முதலில் அந்தச் செங்கோடனைச் சொல்கிறேன். அவனைப் போல ஈவு இரக்கம் இல்லாத பாவி இந்த நாட்டில் இல்லை! வாசலுக்கு எது வந்தாலும் அடித்துத் துரத்துகிறான். எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு வேகமாக ஓடி வந்தது என்று பார்க்கிறானா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'உள்ளே வா' என்று சொன்னதுண்டா? விருந்தோம்பல் என்றால் என்னவென்றே தெரியாத கஞ்சன்!"

திரைக்குப் பின்னால் வளையல்கள் அடங்கின. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பூபாலர் திருப்தியாக மீசையைத் தடவினார்.

"நம் பூபாலரோ வள்ளல்! அவர் வாசலுக்கு வந்து ஏமாந்து திரும்பியவர் உண்டா? இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் ஒதுங்கி வழி விடுவார். வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம். நடுவில் வந்தால் காலையே அகட்டி வைப்பார். எதிரி அனுப்பியது என்றுகூடப் பார்க்காத மனசு, மகாராஜா!"

மன்னர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். தளபதி கூரையைப் பார்த்தார். பூபாலருக்கோ கண் கலங்கிவிட்டது. "தத்தா! என்னைச் சரியாகப் புரிந்துகொண்டவன் நீ ஒருவன்தான்."

"அதனால்தான் சொல்கிறேன், இளவரசே. இப்பேர்ப்பட்ட வள்ளலை இரண்டு மரக்கம்புகளுக்கு நடுவே நிறுத்துவது பாவம். நாளைக்கு வடகரை மன்னர் வருகிறார். மைதானத்தின் தோரண வாசலில் நின்று அவரை மாலை போட்டு உள்ளே அழைக்க உங்களை விட்டால் யார்? கம்புக்கு நடுவில் அந்தக் கஞ்சன் கிடந்து புழுதி தின்னட்டும்!"

"சரியாகச் சொன்னான். என் தம்பிக்கு அதுதான் கௌரவம்!" என்று திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் வந்தது.

மறுநாள் பூபாலர் புதுப் பட்டு உடுத்தி, தோரண வாசலில் எல்லோரையும் கைகூப்பி வரவேற்றார். உள்ளே செங்கோடன் எல்லாவற்றையும் அடித்துத் துரத்தினான். மார்பில் வாங்கினான், முழங்காலில் வாங்கினான், ஒன்றை நெற்றியிலேயே வாங்கி ரத்தத்தோடு சிரித்தான். தென்கரை ஒரு பந்தை எதிரி வாசலுக்குள் அடித்தது. வடகரையால் ஒன்றுகூட முடியவில்லை. முதல் தண்ணீர் தென்கரைக்கு என்று முரசு அறைந்தபோது தத்தன் தலைத்துண்டை வானத்தில் எறிந்தான். அது யார் தலையில் விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

அன்றைய விருந்தில் வடகரை மன்னர் வில்லவராயர் இலையில் கை வைக்கவே இல்லை. "இது நியாயமா?" என்று பொருமினார். "உங்கள் பூபாலரை நம்பித்தானே நாங்கள் வந்தோம்! இந்த வருஷம் அவர் ஏன் வாசல் காக்கவில்லை?"

"காத்தாரே, அரசே," என்றான் தத்தன் பணிவாக. "தோரண வாசலில் உங்களுக்கு மாலை போட்டது அவர்தான். இந்தத் தடவை பந்தை விடவில்லை. உங்களை மட்டும் உள்ளே விட்டார்!"

மகுடவர்மர் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தத்தனை நோக்கி வீசினார். நடுவில் உட்கார்ந்திருந்த பூபாலர் அதைப் பிடிக்கக் கை நீட்டினார்.

மாலை அவரையும் தாண்டி நேராகத் தத்தன் மடியில் போய் விழுந்தது.