மருதவாணரும் இரண்டு ஜோடிப் பலகைகளும்

"எதை மாட்டிக்கொண்டு போவது, அம்மா?"

மருதவாணர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். அவர் முன்னால் பனியில் காலில் மாட்டும் சறுக்குப் பலகைகள் இரண்டு ஜோடி கிடந்தன.

கேட்டது உமையாளிடம். அந்தப் பனிமலை மடத்துக்கு அவர்தான் குரு. மருதவாணரைவிட வயதில் இளையவர். கஷாயப் பொடியையும் கஞ்சிக்கு நொய்யரிசியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசையில் கோதண்டம் தனியாகத் தவமிருந்தார். மருதவாணரோடு ஒரே நாளில் மடத்துக்கு வந்தவர். காய்ச்சலில் சுருண்டு கிடக்கிறார் என்று காலையில்தான் ஒரு விறகுவெட்டி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"இது வழுக்காமல் ஏற மெழுகு பூச வேண்டும்," என்று ஒரு ஜோடியைத் தொட்டுக் காட்டினார் மருதவாணர். "அதற்கு வேண்டாம். அடியில் மீன் செதில் மாதிரி வெட்டியிருக்கிறது. ஏறும்போது பனியைப் பிடித்துக்கொள்ளும்."

"சரி."

"ஆனால் இறக்கத்தில் வேகம் வராது."

"அந்தப் பக்கம் செங்குத்தா?"

"இல்லை. மாடு இறங்கும் சரிவுதான்."

"அப்புறம் என்ன?"

"நிழலில் பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தால் செதில் பிடிக்காதே! மெழுகுப் பலகை என்றாலோ, நிழலுக்கு ஒரு மெழுகு, வெயிலுக்கு ஒரு மெழுகு. மாற்றிப் பூசிவிட்டால் பனி அடியில் அப்பிக்கொள்ளும். நடுவழியில் நின்றுவிட்டால்? அதற்குள் கோதண்டத்துக்கு ஏதாவது..."



அவர் ஒரு மெழுகுக் கட்டியை எடுத்தார். பனியைக் கிள்ளிப் பார்த்தார். கட்டியைக் கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் மணலாக இருந்த பனி இப்போது பிசுபிசுத்தது.

"பாருங்கள் அம்மா, பனியே மாறிவிட்டது! இனி முதலிலிருந்து யோசிக்க வேண்டும்."

உமையாள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். பலகை எதையும் தொடவில்லை. வெறும் காலணியோடு மேட்டைப் பார்த்து நடந்தார்.

சற்றுத் தூரத்திலேயே முழங்கால் புதைந்தது. பிறகு தொடை.

"அம்மா! பலகை இல்லாமல் ஏற முடியாது!"

அவர் திரும்பவில்லை. காலைப் பிடுங்கி வைத்தார். மறுபடி புதைந்தார். ஒரு குழியில் குப்புற விழுந்தார். எழுந்தார். நடந்தார்.

"திரும்பி வந்துவிடுங்கள்! நான் போகிறேன், நான் போகிறேன்!"

மருதவாணர் காலடியில் கிடந்த பலகைகளில் காலை நுழைத்து, குனிந்து வாரை இழுத்துக் கட்டினார். ஓடினார்.

ஏற்றம் முழுக்க அவர் கண் அந்த மூட்டையை விட்டு அகலவில்லை. அது ஆடியது, சாய்ந்தது, நிமிர்ந்தது. ஒரு தடவைகூடக் கால் பின்னுக்கு வழுக்கவில்லை. அது அவருக்குத் தெரியவுமில்லை.

மேட்டு உச்சியில் உமையாளை எட்டிப் பிடித்தார். மூட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

கீழே குடிசை தெரிந்தது. வாசற்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோதண்டம் உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்துக் கையை மெல்லத் தூக்கினார்.

"இருக்கிறார்," என்றார் மருதவாணர். "அம்மா, இருக்கிறார்."

உமையாள் உடையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார்.

"கடைசியில் எதை மாட்டிக்கொண்டு வந்தீர்கள்?"



மருதவாணர் ஒரு காலைத் தூக்கி, பலகையின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.