நனையாத தட்டு

கதை கேட்கிறவர்கள் ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து.

ஓடைக்கரைப்பட்டி அரசுப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவதாக மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. மூடினால் பிள்ளைகள் குவாரி சாலையில் இரண்டு மைல் நடக்க வேண்டும். ஒரே லாரிக்கு அடியில் ஏழு ஆடுகள் நசுங்கிய சாலை அது.

அங்கே சத்துணவு சமைப்பவள் பேச்சித்தாய். அவள் மகள் மதுமிதா அங்கேதான் இரண்டாம் வகுப்பு.

தீபாவளி முடிந்ததும், நான்காம் வகுப்புப் பவதாரணியை அவள் அப்பா வெளியூர்ச் செங்கல் சூளைக்குக் கூட்டிப் போய்விட்டார். போகும்போது சூளை மேஸ்திரியின் போன் நம்பரைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதிவிட்டுப் போனார். பத்தாக இருந்த பிள்ளைகள் ஒன்பதாகிவிட்டார்கள்.

கிரேஸ் டீச்சர் கெட்டவர் இல்லை. ஒன்பது பேரை அந்தச் சாலைக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தினமும் பவதாரணி பெயரைக் கூப்பிடுவார். சொல்லிக்கொடுத்தபடி மதுமிதா, "உள்ளேன் டீச்சர்" என்பாள். அவள் பெயரில் அரையாண்டுத் தேர்வையும் டீச்சரே எழுதினார். பள்ளியிலேயே பவதாரணிதான் முதல் மார்க்.

தை மாதம் அதிகாரி தலை எண்ண வருவதாகத் தகவல் வந்தது. ஒரு நாளைக்காவது பிள்ளையை வரவழைக்கலாம் என்று பேச்சித்தாய் அந்த நம்பருக்குப் போன் போட்டாள்.

"எந்தப் பிள்ளை?" என்றான் மேஸ்திரி. "இங்க பிள்ளைங்களே கிடையாதும்மா. போன மாசம், பிள்ளைங்கள வேலைக்கு வச்சிருக்கோமான்னு விசாரிக்க வந்தவங்க உங்க டீச்சருக்குத்தான் போன் போட்டாங்க. தினமும் ஸ்கூலுக்கு வருதுன்னு அவங்களே சொல்லிட்டாங்களே!"

அவன் பேசும்போதே பின்னால் ஒரு சிறுபிள்ளை விடாமல் இருமியது. போன் துண்டிக்கப்பட்டது.

பேச்சித்தாய் ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார். "நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ பேச்சி. உன் மகளையும் நினைச்சுப் பாரு."

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அதிகாரி வந்தார். ஒன்பது தலைகளை எண்ணினார். "முதல் மார்க் வாங்கின பிள்ளை எங்கே?"

"காய்ச்சல் சார். சாப்பிட்டுட்டு இப்பத்தான் வீட்டுக்குப் போனா" என்றார் டீச்சர்.

அதிகாரி பேச்சித்தாயைப் பார்த்தார். "சாப்பிட்டாளாம்மா?"

தட்டுகள் பக்கத்திலேயே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மதுமிதா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கேட்டவர்களே, பேச்சித்தாய் என்ன சொல்ல வேண்டும்? ஒன்பது பிள்ளைகளுக்காகப் பொய் சொன்ன டீச்சர் செய்தது சரியா?

விடை: பேச்சித்தாய், "பத்துத் தட்டு இருக்கு சார். சாப்பிட்டுக் கழுவின ஒன்பதுதான் நனைஞ்சிருக்கு, தொட்டுப் பாருங்க" என்றாள். அதுதான் சரி. லாரி கண்ணுக்குத் தெரியும். பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப் போகலாம். பவதாரணியைத் தேட வேண்டுமானால், அவள் இங்கே இல்லை என்று முதலில் யாராவது சொல்லியாக வேண்டும். டீச்சரின் இரக்கம்தான் அத்தனை நாளும் சூளைக்குக் காவல் நின்றது. பள்ளியை மூடினார்கள். திங்கட்கிழமை குவாரி சாலையில், முதல் லாரி கடந்து போனதும் மதுமிதா கேட்டாள்: "அம்மா, பவதாரணி வந்துட்டாளா?"

"தேடிப் போயிருக்காங்கட்டி" என்றாள் பேச்சித்தாய். அடுத்த லாரியின் சத்தம் கேட்டது. மகளை ஓரமாக இழுத்துக்கொண்டாள்.