மூடிய விண்டோக்களின் ஆஜர்

திருப்பூர் மருந்துக்கடைகளில் எங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் மத்தியானமானால் மெமரி நிறைந்து படுத்துவிடும். கடைக்காரர்கள் வேறு கம்பெனிக்குப் போகக் கிளம்பிவிட்டார்கள். சந்தேகம் விழுந்தது விண்டோக்களின் நிறத்தை மாற்றும் பட்டன் மேல். அதை எழுதிய சீனியர் வரதராஜனோ மார்தட்டினார்.

"நான் எழுதினதுல மெமரி லீக்கா? மூடின விண்டோ மெமரியில இருக்கவே இருக்காது. இருந்தா காட்டு. முடியலைன்னா பழி உன் டெஸ்டிங் மேலதான்."

"சரி சார்" என்றாள் டெஸ்டர் மெஹருன்னிசா. நிறம் மாறினால் மெமரியில் இருக்கும் ஒவ்வொரு பில் விண்டோவும் குரல் கொடுக்கும்படி ஒரு வரி சேர்த்தாள். "நாலஞ்சு பில்லைத் திறந்து மூடிட்டு, நிறத்தை மாத்துங்க சார்."

மாற்றினார்.

"உள்ளேன் ஐயா! உள்ளேன் ஐயா! உள்ளேன் ஐயா! உள்ளேன் ஐயா!"

வெறும் திரைக்குள்ளிருந்து ஒரு வகுப்பே கத்தியது. ஆபீஸ் விழுந்து விழுந்து சிரித்தது.

"எல்லாத்தையும் மூடிட்டேனே!"

"மூடினீங்க சார். ஆனா விண்டோ திறக்கும்போது அதோட பேரைத் தன் லிஸ்ட்ல சேர்த்துக்கிற உங்க பட்டன், மூடும்போது அதை அடிக்கிறதில்லை. பேரு இருக்கிற வரைக்கும் அதுங்க எப்படி சார் வீட்டுக்குப் போகும்?"

வரதராஜன் பேரை அடிக்கும் வரியை எழுதிவிட்டு, மறுபடி பில்களைத் திறந்து மூடி நிறத்தை மாற்றினார். சத்தமே இல்லை.

"அப்போ தப்புப் பண்ணினது யாரு சார்?"

அவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார்.

"உள்ளேன் அம்மா."