பதினெட்டாயிரம் அகழ்வாராய்ச்சியாளர்கள்

மதுரையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் நான்காவது மாடியில் செண்பகவல்லி என்றொரு குரு இருந்தாள். சம்பளப் பட்டியலில் அவள் வெறும் சோதனையாளர். மற்றவர்கள் எழுதும் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். யார் என்ன கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாமல் வேறெங்காவது இழுத்துக்கொண்டு போவாள் என்பதால், மாடி முழுக்க அவளுக்குக் குருவம்மா என்று பெயர் விழுந்துவிட்டது.

அவளுடைய தலைமைச் சீடர் சோலைமலை, குருவைவிடப் பதினொரு வயது பெரியவர். இருபத்திரண்டு ஆண்டுகளாகப் புரோகிராம் எழுதுகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை காலை, ராஜினாமாக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார்.

"குருவம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"நம்மளால இந்தச் சமூகத்துக்கு என்ன பிரயோஜனம்?"

"ஏன், என்ன ஆச்சு?"

"போன வாரம் மச்சினன் வீட்டுக் காதுகுத்து. ஒரு பெரியவர் என்ன வேலைன்னு கேட்டாரு. அரை மணி நேரம் விளக்கிச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, செல்போனை நீட்டி ரீசார்ஜ் பண்ணித் தரச் சொல்றாரு."

"பண்ணிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். அது இல்ல விஷயம். கொத்தனார் கட்டுன வீட்டுல ஆளுக குடியிருக்காக. நர்சம்மா போட்ட ஊசியில காய்ச்சல் நிக்குது. சோலைமலைன்னு ஒருத்தன் இருக்கான்னு எவனுக்காவது தெரியுமா? ஒருத்தன் நினைப்பானா?" அவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ஆடு வளர்க்கப் போறேன். மேலூர்ப் பக்கம் இடம் பாத்தாச்சு. சாயங்காலத்துக்குள்ள கடிதத்தைக் குடுத்துருவேன்."

குருவம்மா அவருடைய சட்டைப் பையைப் பார்த்தாள். பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

"லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வாங்க."

"எங்க?"

"ஆடு எங்கயும் ஓடிப்போயிராது. வாங்க."

பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனார்கள். ஒரு தாலுகா ஊரின் சேவை மையத்துக்கு முன்னால் இறங்கினார்கள். சான்றிதழுக்கும் உதவித் திட்டங்களுக்கும் சனங்கள் விண்ணப்பிக்கிற இடம். அங்கே கம்ப்யூட்டரில் ஓடுகிற விண்ணப்பப் படிவம் சோலைமலை ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எழுதியது. எழுதினாரே தவிர, அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை.

உள்ளே வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. மையத்தை நடத்துகிற ஜெய்லானியோடு முத்திருளாயி என்ற அம்மா மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"நாலு தடவை வந்துட்டேன். தையல் மிஷின் கிடைக்குமா, கிடைக்காதா? இன்னைக்கோட கடைசி நாளாம்ல."

"நான் என்னம்மா செய்ய? தைக்கிறவங்களுக்குத்தான் மிஷின். நீங்க அகழ்வாராய்ச்சியாளரு. பதிவுல அப்படித்தான் இருக்கு. ஒரு தடவை பதிஞ்சா இங்கருந்து மாத்த வழியில்ல."

"அப்படின்னா?"

"மண்ணைத் தோண்டிப் பழைய பானையெல்லாம் எடுக்கிறவங்க."

"எங்க வீட்டுல புதுப் பானைக்கே வழியில்ல. வாடகை மிஷின்ல தச்சுக்கிட்டுக் கெடக்கேன். அதையும் திங்கக்கிழமை தூக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டா அதுக்குச் சொந்தக்காரி."

சோலைமலை ஜெய்லானியிடம் நெருங்கினார். "இந்த அம்மாவுக்கு மட்டும்தான் இப்படியா?"

"நீங்க வேற. இந்த வரிசையில பாதிப் பேரு அகழ்வாராய்ச்சியாளருதான். அந்தா நிக்கிறாரே ஆட்டோக்காரரு, அவரும். பக்கத்துல புரோட்டா மாஸ்டர், அவரும். நானே அதான் சார். இந்தத் தாலுகாவுல மட்டும் பதினெட்டாயிரம் பேரு. போன மாசம் மேலிருந்து ஒரு அதிகாரி வந்துட்டாரு, இம்புட்டுப் பேரும் என்னத்தைத் தோண்டுறீங்கன்னு விசாரிக்க."

"யாரு அப்படிப் பதிஞ்சது?"

"யாரும் பதியல. படிவத்தைத் திறந்தாலே தொழில்ங்கிற கட்டத்துல அதுதான் வந்து உக்காந்திருக்கு. இந்தக் கூட்டத்துல யாரு அதைப் பாத்துப் பாத்து மாத்துறது? இதை எழுதுனவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

அதற்கு மேல் ஜெய்லானி சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆட்டோக்காரர் ஆமோதித்தார். புரோட்டா மாஸ்டர் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்தார்.

குருவம்மா சீடரின் காதருகே குனிந்தாள்.

"யாருமே நினைக்கிறதில்லன்னு வருத்தப்பட்டீங்களேண்ணே."

சோலைமலைக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. கீழடியில் தோண்டியதைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தத் தொழில் பட்டியலை எழுதினார். ஆசையாக அகழ்வாராய்ச்சியாளரையும் சேர்த்தார். தமிழ்ப் படிவம் தமிழ் அகர வரிசையில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக அடுக்கினார். அகழ்வாராய்ச்சியாளர் முதலில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் மாற்றாவிட்டால் முதல் வரிதான் பதிவாகும்.

இதைப் பிழை என்று குருவம்மா நான்கு முறை எழுதி அனுப்பியிருந்தாள். நான்கு முறையும் அவர் ஒரே பதிலைப் போட்டு மூடினார்: இது பிழையல்ல, பயன்படுத்துபவர் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்போதே சொன்னேனே என்று அவள் இப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். மேலாளரிடம் போனில் அனுமதி வாங்கியது தனிக் கதை. பட்டியலின் தலையில் ஒரு காலி வரியைச் சேர்த்தார். தொழிலைத் தேர்ந்தெடுக்காவிட்டால் படிவம் நகரக் கூடாது என்று எழுதினார். ஏற்கெனவே பதிந்த தொழிலை மையத்திலேயே மாற்றவும் வழி வைத்தார். குருவிடம் நீட்டினார்.

அவள் இரண்டு நிமிடம் தட்டிப் பார்த்தாள். "காலியா விட்டாலும் போகுதுண்ணே."

"இருக்காதே."

"பாருங்க."

போயிற்று. இது பிழையல்ல என்று சொல்ல அவருடைய வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. முத்திருளாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு திருத்தினார்.

இரண்டாவது முறை குரு தலையாட்டினாள். ஜெய்லானி முத்திருளாயியின் பதிவைத் திறந்து, தையல் தொழிலாளி என்று மாற்றி, மிஷினுக்கான விண்ணப்பத்தை அனுப்பினார். ஒப்புகைச் சீட்டு பிரிண்டரிலிருந்து வெளியே வந்தது. முத்திருளாயி அதை மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள். கண் கலங்கிப் போயிருந்தது.

"நல்லா இருப்ப ராசா," என்றாள் ஜெய்லானியிடம். சோலைமலையைத் தாண்டிக்கொண்டு வெளியே போனாள்.

"நன்றியெல்லாம் அவருக்குப் போயிருச்சே," என்றாள் குருவம்மா.

"போகட்டும்," என்றார் சோலைமலை. ஏனோ அவருக்கு அது வலிக்கவில்லை. "மிச்சம் பதினெட்டாயிரம் பேரு இருக்காக. ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டுத்தான் மாத்தணும். மூணு மாசம் ஆகும்."

"ஆடு?"

"அது மேயட்டும்."

சட்டைப் பையிலிருந்து ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார். எழுத வேறு தாள் இல்லை. அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களிடம் போய் ஒவ்வொருவராகத் தொழிலைக் கேட்டார். பட்டியலில் இல்லாததையெல்லாம் குறித்துக்கொண்டார். பூக்கட்டுகிறவர் இல்லை. பந்தல் போடுகிறவர் இல்லை. இளநீர் வெட்டுகிறவர் இல்லை. நாதஸ்வரக்காரர் இருந்தார், தவில்காரரைக் காணோம்.

"ஆமா, நீங்க என்ன தொழில் சார்?" என்று கேட்டார் புரோட்டா மாஸ்டர்.

சோலைமலை பட்டியலை மேலிருந்து கீழே தேடினார். கீழிருந்து மேலே தேடினார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் நினைத்து நினைத்து அடுக்கியவர், தம்மைப் போடவே மறந்திருந்தார்.

"குருவம்மா, நம்ம தொழிலே இதுல இல்ல. இப்பச் சேர்த்துரட்டுமா?"

"தாராளமாச் சேருங்கண்ணே," என்றாள் குருவம்மா. "முதல்ல மட்டும் வச்சிராதீங்க."