இரண்டு குன்றிமணி குறைந்த குண்டு

பொன்னையே உருக்குகிறவருக்கு ஈயம் ஒரு பெரிய காரியமா என்று ஊர் கேட்டது. கொழுந்துப் பத்தரும் அதை நம்பித் தொலைத்தார். மலையடிவாரத்துப் பாளையத்தில் முப்பது வருஷமாகத் தாலியும் தோடும் செய்துவந்த மனுஷர், வேட்டைக்காரன் புலமாடனின் துப்பாக்கிக்கு நாலு ஈயக்குண்டு வார்த்துக் கொடுத்தார்.

வெளியே பார்த்தால் நாலும் மழமழவென்று இருந்தன. ஊர் மாடுகளை அடித்துக்கொண்டிருந்த புலி எதிரே வந்தபோது புலமாடன் சுட்ட குண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய் மரத்தில் பட்டது. புலி அவன் இடது தோளையும் காதையும் கிழித்துவிட்டுப் போனது.

மிச்சமிருந்த மூன்றையும் பத்தர் வாங்கிவந்து தராசில் வைத்தார். மூன்றும் மூன்று எடை. ஒன்றை உளியால் பிளந்தார். உள்ளே மிளகளவு பொக்கை.

புலமாடன் பிழைத்துக்கொண்டான். ஆனால் சும்மா இருக்கிற ஆளா அவன்? புலி இப்போது மாட்டோடு நிற்கவில்லை. விறகு பொறுக்கப் போன ஒருத்தியையும் தூக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி மலைக்குப் போகிறேன் என்று நிற்கிறான்.

பத்தர் தராசுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்கு நடந்தார்.

கோட்டைக் காவல்காரர்களுக்குக் குண்டு வார்ப்பவள் சிவனணைஞ்சாள். முப்பது வயது இருந்தால் அதிகம். அவள் வார்த்ததில் நூறு எடுத்தாலும் நூறும் ஒரே எடை என்று பேர்.

"தாயி, எனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் குடு." பத்தர் காலிலேயே விழப் போனார்.

"ஐயய்யோ, எழுந்திரிங்க பத்தரே! எங்க அப்பா வயசு உங்களுக்கு. அந்த மணையை இழுத்துப் போட்டு உட்காருங்க."

அன்று முழுக்க அவள் வார்த்தாள், அவர் பார்த்தார். மாக்கல்லில் குடைந்த அச்சு, இரண்டு பாதி. மூடுவாள், கரண்டியால் ஈயத்தை ஊற்றுவாள், திறப்பாள், குண்டைத் துணியில் தட்டுவாள், மூடுவாள். வாய் மட்டும் ஓயவில்லை. பக்கத்து வீட்டு ஆடு அவளுடைய கீரைப்பாத்தியை எப்படி மேய்ந்தது என்பதை மூன்று தடவை சொன்னாள்.

எடைக்கு வழி கேட்டால் இவள் என்ன ஆட்டுக் கதை சொல்கிறாளே என்று பத்தருக்கு எரிச்சல். வெளியே சொல்லவில்லை. கேட்க வந்தவர் அல்லவா?

மறுநாள் அவளிடமிருந்த அதே அளவு இன்னொரு அச்சில் அவர் வார்த்தார். அவள் வார்த்த குண்டு ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்துக்கொண்டார். தாம் ஒன்று வார்த்ததும் ஊற்றுவாயில் நீண்டிருந்த ஈய வாலை நறுக்கி, துடைத்து, மறு தட்டில் வைத்தார். தராசு முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

இரண்டு குன்றிமணி குறைவு.

அடுத்தது மூன்று குன்றிமணி குறைவு. அதற்கடுத்தது இரண்டு. பத்தர் ஈயத்தைக் கிளறினார், கசடை வழித்தார், துருத்தியை ஊதினார். மறுபடி ஒன்று வார்த்து மறுபடி தராசில் வைத்தார். மத்தியானம்வரை இதே கூத்து.

"தாயி, ஈயம் ஒண்ணு, அச்சளவு ஒண்ணு, கரண்டி ஒண்ணு. எடை மட்டும் ஏன் மாறுது?"

சிவனணைஞ்சாள் ஒரு துண்டு வைக்கோலைக் கிள்ளி அவர் அச்சின் மேல் வைத்தாள். அது பாட்டுக்குக் கிடந்தது. இன்னொரு துண்டைத் தன் அச்சின் மேல் வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருகிச் சுருண்டது.

"உங்க அச்சு ஆறிக் கிடக்கு. ஊத்துன ஈயம் உள்ள நிறையறதுக்கு முன்னாடியே இறுகிப்போவுது."

"அடுப்பு எரியுதே?"

"எரியுது. நீங்க தராசு பார்க்கிற நேரத்துல அச்சு ஆறுது."

"அப்போ எடை பார்க்கவே கூடாதா?"

"எல்லாத்தையும் வார்த்துட்டு அப்புறம் பாருங்க."

சரி என்றார். வார்த்தார். குண்டு துணியில் விழுந்ததுதான் தாமதம், கை தானாகத் தராசுக்குப் போனது. இழுத்துக்கொண்டார். அடுத்த குண்டுக்கும் போனது. நாலாவது தடவை சிவனணைஞ்சாள் கேட்டுவிட்டாள்.

"எதுக்குப் பத்தரே இந்தப் பதற்றம்?"

"அந்தப் பய காதைப் பார்த்திருக்கியா தாயி? கூரையில தொங்குற கிழிஞ்ச ஓலையாட்டம் இருக்கு. அது நான் செஞ்ச வேலை. அவன் பொண்டாட்டி என்னைப் பார்க்கிறப்பல்லாம் 'அண்ணே, சாப்பிட்டுப் போங்க'ங்கிறா. ஒரு வார்த்தை திட்டக் கூடாதா? திட்டித் தொலைச்சாலாவது..." பத்தர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அவள் எழுந்துவந்து அவர் கையிலிருந்த அச்சை வாங்கினாள்.

"நல்லா அழுதுடுங்க. அதுவரைக்கும் இதை அடுப்போரம் வைக்கிறேன்."

அழுது முடித்தார். அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். தராசுப் பெட்டியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ஆட்டுக் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை பத்தர் ஊற்றிக்கொண்டே "அப்புறம்?" என்று கேட்டார். ஊற்றினார், திறந்தார், தட்டினார், மூடினார். கதையில் ஆட்டுக்காரி சண்டைக்கு வந்தாள், பத்தர் சிரித்தார், கை நிற்கவில்லை.

ஈயம் தீர்ந்ததும் தராசு வெளியே வந்தது. வார்த்த வரிசையிலேயே வைத்துப் பார்த்தார்கள். முதல் ஒன்பதும் குறைந்தன. பத்தாவதில் முள் நடுவில் நின்றது. பதினொன்றிலும் நின்றது. கடைசிக் குண்டுவரை நின்றது. பத்தர் கண்ணை நம்பாமல் தட்டுகளை மாற்றிவைத்தும் பார்த்தார்.

சிவனணைஞ்சாள் முதல் ஒன்பதையும் அள்ளி உருக்குச் சட்டியில் போட்டாள்.

"அச்சு சூடு பிடிக்கிறவரைக்கும் வர்றதெல்லாம் இப்படித்தான். எனக்கும் இப்படித்தான்."

பத்தர் சட்டியில் உருகும் குண்டுகளைப் பார்த்தார்.

"அன்னைக்கு அவன் நாலு கேட்டான். நான் நாலுதான் வார்த்தேன்."

"தோடு ரெண்டு கேட்டா ரெண்டுதான செய்வீங்க? பொன்னுல பழகின கை, வீணாக்கத் தெரியாது." அவள் குரல் தணிந்திருந்தது. "நாளைக்கு வெள்ளனவே வாங்க. இன்னும் வார்க்கலாம்."

வெள்ளிக்கிழமை காலையில் பத்தர் வார்த்துக்கொண்டிருக்கும்போது புலமாடனே கோட்டைக்கு வந்துவிட்டான். தோளில் துப்பாக்கி, தலையில் உருமால், அதற்குள் மறைந்தும் மறையாமலும் அந்தக் காது.

"என்ன பத்தரே, இளைச்சுப் போயிட்டீரு? காது போனது எனக்கு. உமக்கென்ன?"

"வலிக்குதாடா?"

"வலி என்ன வலி! வீட்டுல பேசுறதுல பாதிதான் கேக்குது. நிம்மதியா இருக்கேன்."

பத்தருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. பத்துக் குண்டை ஓலைப்பெட்டியில் போட்டு நீட்டினார். நேற்று இரண்டு முறை எடை பார்த்தவை. புலமாடன் ஒன்றைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்படியே மடியில் கொட்டி முடிந்துகொண்டான்.

"எடுத்துப் பாருடா ஒரு தடவை!"

"நீரு பார்த்தீருல்ல? துணைக்கு ரெண்டு பேரு வாராங்க. அவங்களுக்கும் சேர்த்து இன்னும் பத்து வேணும். மத்தியானம் ஆளனுப்பறேன், குடுத்துவிடும்."

போய்விட்டான். பத்தர் ஒரு கையில் அச்சும் ஒரு கையில் கரண்டியுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வாசலைத் தாண்டினான், ஓடையைத் தாண்டினான், புளியந்தோப்புக்குள் மறைந்தான். அதற்கப்புறமும் பத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயி."

"ம்."

"எல்லாம் ஒரே எடைதானே?"

"நீங்கதான பார்த்தீங்க."

"பொக்கை ஒண்ணுகூட இருக்காதுல்ல?"

"இருக்காது."

"அப்போ அவன் நல்லபடியா திரும்பி வந்துருவான்ல?"

வந்துவிடுவான் என்று சொல்ல அவளுக்கும் ஆசைதான். அவர் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத் தோன்றும். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

"அச்சு ஆறுது பத்தரே. ஊத்துங்க."