நெல்லிக்காய்க்குப் பக்கத்தில் ஒரு பானை

தேக்கங்காட்டில் ஒரு மந்தி இலைக்கடை நடத்திவந்தது. விற்கவேண்டிய பொருளின் படத்தைத் தேக்கிலையில் நகத்தால் கீறும். கீறிய இடம் சிவக்கும். அந்த இலைகளைக் காகங்கள் காடு முழுவதும் கொண்டுபோய்க் கிளைகளில் செருகிவிட்டு வரும். பிடித்தவர்கள் இலையை எடுத்துக் காகத்திடம் கொடுத்தால் போதும், பொருள் வீடு வந்து சேரும். வாங்குகிறவர் பொருளை நேரில் பார்ப்பது அப்போதுதான்.

குளக்கரையில் சிற்றிடை என்றொரு குளவி இருந்தது. வாயில் நீர் கொண்டுவந்து மண்ணைக் குழைத்துப் பானை செய்யும். உருண்டை வயிறு, குறுகிய கழுத்து, பூவிதழ்போல வெளியே மடிந்த விளிம்பு. ஒன்றைப்போல் இன்னொன்று இராது.

மழை தொடங்கினால் பூவில் தேன் நிற்காது. அதற்குள் பானைகளைக் கொடுத்துத் தேன் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி. சிற்றிடை மந்தியிடம் போயிற்று.

மந்தி காம்பிலிருந்து நுனிவரை இலை நிறையப் பானையை வரைந்தது.

"எப்படி?"

"என் பானையா இது!" சிற்றிடைக்கே அதன்மேல் ஆசை வந்தது.

முதல் இலையை எடுத்தது கரடி. காகம் பானையைக் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தது.

"பானை எங்கே?"

"உங்கள் காலடியில், அண்ணே! மிதித்துவிடாதீர்கள்!"

"இதுவா? என் நாக்கு நுனிகூட நுழையாதே! மலைத்தேனை இதில் எப்படிச் சேர்ப்பது? எடுத்துக்கொண்டு போ!"

அதற்குள் கரடிக்குட்டி பானையை உருட்டி விளையாடத் தொடங்கியிருந்தது. கரடி அதைப் பிடுங்கிக் காகத்திடம் கொடுத்தது.

அடுத்த பானையை மயில் வாங்கியது. அந்தப் பானையும் திரும்பி வந்தது.

"இதோ பார், குளவி!" என்றது மந்தி. "உன்னால் என் கடைப்பெயர் கெடுகிறது. இன்னும் ஒரு பானை திரும்பி வரட்டும், உன் இலைகளையெல்லாம் கிழித்துவிடுவேன்!"

"என் பானையில் என்ன குறை?"

"சிறியது! பெரிதாகச் செய்!"

சிற்றிடை வாய் வாயாக மண் சுமந்தது. மேற்பாதிக்கு மண் வருவதற்குள் கீழ்ப்பாதி காய்ந்துவிட்டது. பானை வெடித்தது. மறுபடி செய்தது. மறுபடியும் வெடித்தது. சிற்றிடை உடைந்த மண்ணை அப்படியே விட்டது. பிறகு பறந்து கரடியிடம் போயிற்று.

"கரடியண்ணா, ஒன்று கேட்க வேண்டும்."

"அந்தப் பானையைத் திரும்ப என் தலையில் கட்டாதே!"

"இல்லை. அது பெரியது என்று உங்களுக்கு யார் சொன்னது?"

கரடி தலையைச் சொறிந்தது. "யாரும் சொல்லவில்லை. இலை நிறைய இருந்தது. பக்கத்தில் வேறொன்றும் இல்லை. எனக்கு வேண்டிய அளவை நானே நினைத்துக்கொண்டேன்."

சிற்றிடை நேரே கடைக்கு வந்தது.

"மந்தியக்கா, பானைக்குப் பக்கத்தில் ஒரு நெல்லிக்காயை வரையுங்கள்."

"பைத்தியமா உனக்கு? நெல்லிக்காயைவிடச் சிறியது என்று காட்டுக்கே தெரிந்துவிடும்!"

"தெரியட்டும்."

"அப்புறம் யார் வாங்குவார்?"

"இந்த அளவு வேண்டியவர்."

மந்தி முணுமுணுத்துக்கொண்டே வரைந்தது. இலைகள் போயின. யாரும் எடுக்கவில்லை. கிளைகளில் அவை வாடத் தொடங்கின.

"நெல்லிக்காயையாவது யாராவது கேட்டார்களா?" என்று மந்தி கேலி செய்தது.

சிற்றிடை அடுத்த பானையின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மேகம் கறுத்தது.

ஒரு காலையில் காகம் ஓர் இலையோடு வந்தது. "தேன்சிட்டு கேட்கிறது!"

பானை போயிற்று. மந்தி ஓர் இலையைக் கையில் எடுத்து, கிழிக்கத் தயாராக வைத்துக்கொண்டது. சிற்றிடையின் சிறகுகள் அசையவில்லை.

காகம் திரும்பி வந்து, மடித்த புன்னையிலை ஒன்றைக் கீழே வைத்தது. மந்தி பிரித்தது. உள்ளே தேன்.

"பானை?" என்றது மந்தி.

"அது தேன்சிட்டின் கூட்டிலேயே இருக்கிறது. குஞ்சுகளுக்குத் தேன் வைக்க இந்த அளவுப் பானையைத்தான் இத்தனை நாள் தேடினேன் என்று சொல்லச் சொன்னது. இன்னொன்றும் வேண்டுமாம். பக்கத்து மரத்துத் தையல்சிட்டும் கேட்கிறது."

மந்தி கையிலிருந்த இலையைக் கிழிக்காமல் கீழே வைத்தது.

அப்போது புதர் விலகியது. கரடி வந்து நின்றது, வாடிய இலை ஒன்றை நீட்டிக்கொண்டு.

"உங்களுக்கு எதற்கு, அண்ணே? நாக்கு நுழையாதே!" என்றது மந்தி.

"நாக்கு கிடக்கட்டும்! பிடுங்கிய அன்றிலிருந்து குட்டி அழுகிறது. நெல்லிக்காயோடு பார்த்த பிறகுதான் புரிந்தது, அது சொப்பு! மலைத்தேன் தருகிறேன். ஒன்று கொடு, தாயே!"

சிற்றிடை சிரித்தது. பிறகு வாயில் நீர் எடுக்கக் குளத்துக்குப் பறந்தது. மழைக்கு முன் செய்ய வேலை நிறைய இருந்தது.

பொருளை அதன் உண்மையான அளவில் காட்டுகிறவரைத் தேடி, அந்த அளவு வேண்டியவர் தாமே வருவார்.