கை நிற்க ஒரு வழி

“இந்தக் கை நிக்கறதுக்கு ஒரு வழி சொல்லும் வாத்தியாரே,” என்றார் யோவேல்.

வலது கை டவலுக்குள் இருந்தது. டவல் ஆடிக்கொண்டிருந்தது.

வாத்தியார் சுடலைமணி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் இல்லை. ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். யோவேலைப் போல அவரும் அந்த முதியோர் இல்லத்தில் இருப்பவர்தான். காலையில் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் இலை, காய், பட்டை எல்லாவற்றையும் பொறுக்கி வருவார். அதை வைத்து ஏதாவது செய்யச் சொல்லி மற்றவர்களைப் பிடித்து உட்கார வைப்பார். மாட்டேன் என்றால் திட்டுவார். அதனால் வாத்தியார்.

“பஸ்ஸை நிப்பாட்ட விசில் இருக்கு. கையை நிப்பாட்ட என்கிட்ட என்னவே இருக்கு?”

“ஞாயித்துக்கெழம எம்மவ வாரா.”

“வரட்டும்.”

“அவ இந்தக் கையைப் பாக்கக் கூடாது.”

யோவேல் டெய்லர். மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை முதல் மாப்பிள்ளை கோட்டு வரைக்கும் அந்தக் கை வெட்டித் தைத்ததுதான். இப்போது ஒரு வேப்பிலையை அட்டையில் ஒட்டப் போனால் இலை கிழிந்து போகிறது. போனில் மகளிடம் கை நன்றாக இருக்கிறது என்றே சொல்லி வைத்திருந்தார்.

“நேத்து ஒட்டுன அட்டை எங்க?”

யோவேல் எடுத்துக் கொடுத்தார். ஓர் இலைகூடக் கிழியவில்லை. விளிம்பு அத்தனை நேர். அடியில் ‘யோவேல்’ என்று அழகான கையெழுத்து.

“யாரு வெட்டுனது?”

“வார்டன் அம்மா.”

அங்கே அதுதான் வழக்கம். எல்லோரும் காப்பி குடிக்கப் போனதும் வார்டன் அம்மா உட்கார்ந்து, கோணலாக ஒட்டியதையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டுவார். அவரவர் பெயரையும் எழுதிவிடுவார். கெட்ட எண்ணம் கிடையாது. பார்க்க வரும் பிள்ளைகள் சந்தோஷப்பட வேண்டும், அவ்வளவுதான். எனக்கென்னவோ இதைவிட இரண்டு திட்டு திட்டியிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

“நல்லாத்தான் இருக்கு,” என்ற வாத்தியார், அட்டையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

“ஓய், அது மவளுக்குக் காட்டுறதுக்கு!”

“ஒம்ம மவ பாக்க வாரது ஒம்மையா, வார்டனையா?”

யோவேலுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப நான் என்னதான் செய்யணுங்கீரு?”

வாத்தியார் அட்டையை நீட்டி வாகை மரத்தைக் காட்டினார். அடியில் காய்ந்த நெற்றுகள் கொட்டிக் கிடந்தன.

“ஒண்ணொண்ணா எடுத்து ஆட்டிப் பாரும். உள்ள விதை சத்தம் போட்டா வச்சுக்கிடும். ஊமையைத் தூர எறியும். பொறவு கயித்தால கொத்தாக் கட்டும்.”

கயிறு கட்ட இரண்டு கை வேண்டும். யோவேல் டவலை மரத்தடியில் வைத்தார்.

கயிறு நழுவியது. நெற்றுகள் சிதறின. மறுபடி அடுக்கினார். மறுபடி சிதறின.

பார்த்துக்கொண்டிருந்த ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. “குடுங்க, நான் கட்டித் தாரேன்,” என்று கையை நீட்டினாள்.

“தொட்டே, கெட்ட கோவம் வரும் எனக்கு!”

கத்தியது வாத்தியார் இல்லை. யோவேல்.

வெயில் சாயும்போது ஒரு முடிச்சு விழுந்தது. எந்த டெய்லரும் சொந்தம் கொண்டாட மாட்டான் அந்த முடிச்சை. ஆனால் நின்றது.

“கட்டியாச்சு. இனி?”

“ஞாயித்துக்கெழம வலது கையில பிடிச்சுக்கிடும்.”

“பிடிச்சு?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்,” என்ற வாத்தியார் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறையப் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும். யோவேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையும் நெற்றுக் கொத்தும் டவலுக்குள். சத்தம் வராமல் இடது கையால் அமுக்கிப் பிடித்திருந்தார்.

மகள் ஜெபசீலி உள்ளே வந்ததும் வார்டன் அம்மா மேஜையிலிருந்த அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். “அப்பா செஞ்சதும்மா.”

ஜெபசீலி முகம் மலர்ந்துவிட்டது. “எப்பா! ஒங்க வெட்டு அப்படியே இருக்கே! கைக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னதை நான் நம்பவே இல்லப்பா.”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது.

யோவேல் வாத்தியாரைத் தேடினார். அவர் ஜன்னலோரம் நின்று வாகை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

யோவேல் டவலை உருவி எறிந்தார்.

கலகலவென்று சத்தம். கூடமே திரும்பிப் பார்த்தது.

“அது வார்டன் அம்மா வெட்டுனது,” என்றார். “நான் செஞ்சது இது.”

கை ஆடியது. நெற்றுகள் கொட்டி முழக்கின. ஒரு குழந்தை கைதட்டியது.

“அண்ணாச்சி, போதும், நிப்பாட்டுங்க,” என்றார் வார்டன் அம்மா. அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

ஜெபசீலி அழுதுகொண்டே ஓடிவந்து, அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தாள்.

சத்தம் நின்றது.

யோவேல் குனிந்து பார்த்தார். கை ஆடாமல் இருந்தது. இத்தனை நாளாக அவர் கேட்டது இதைத்தான்.

“விடும்மா,” என்றார். “அது ஆடட்டும்.”

அவள் விட்டாள்.

ஜன்னலோரத்திலிருந்து குரல் வந்தது:

“போலாம், ரைட்!”